வாசலில் நின்ற பரவாயில்லை

தேரி என்கிற செம்மணல் மேடுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும் சீமையில், ஒரு காலத்தில் ஆறுதல்புரம் என்று ஓர் ஊர் இருந்தது. ஆனி மாதம் காற்று எழுந்துவிட்டால் நேற்று மேடாகக் கிடந்தது இன்று பள்ளமாகக் கிடக்கும். நேற்று நடந்த பாதையை இன்று மறுபடியும் நடந்துதான் உண்டாக்க வேண்டும். அந்த ஊரில் இடம் மாறாமல் நின்றது வேதக்கோயில் ஒன்றுதான்.

வெள்ளைக் கோபுரம், உயரமான சன்னல்கள், உள்ளே ஐந்நூறு பேர் நெருக்கமில்லாமல் உட்காரும் தேக்கு பெஞ்சுகள். கட்டிய காலத்தில் அந்தப் பெஞ்சுகள் போதாமல் வாசற்படியிலும் வேப்ப மரத்தடியிலும் உட்கார்ந்து பாடியிருக்கிறார்கள். மனாசே ஐயர் அங்கே குருவாக மாற்றலாகி வந்தபோது ஞாயிறு ஆராதனைக்கு முப்பது பேர் வந்தால் பெரிய காரியம்.

மனாசேக்கு நாற்பது தாண்டியிருந்தது. சத்தமாகப் பேசத் தெரியாத மனிதர். மனைவி பழைய ஊரில் டீச்சர். பிள்ளைகள் படிப்பு முடியட்டும் என்று அங்கேயே இருந்துவிட்டாள். அவர் மட்டும் இரண்டு பெட்டியும் ஒரு மேசை விசிறியுமாக வந்து இறங்கினார். அனுப்பும்போது பேராயர் சொன்ன வார்த்தை அந்தப் பெட்டிகளைவிடக் கனமாக இருந்தது.

"ஒரு வருஷம் பாருங்க, மனாசே. சரிப்பட்டு வரலைன்னா பக்கத்து ஊர்ச் சேகரத்துச் சபையோட சேர்த்துட்டு அந்தக் கோயிலைப் பூட்டிரலாம்."

அவரை வரவேற்றவர் சபைச் செயலாளர் எலியாசர். கஞ்சி போட்ட வெள்ளை ஜிப்பா, எழுபது வயதிலும் வளையாத முதுகு. அவர் சொல்லாமல் கோயிலில் ஒரு நாற்காலி நகராது.

"ஆள் இல்லாம இல்ல ஐயா. வீடு வீடா இருக்காவ. வரத்தான் மாட்டேங்காவ," என்றார் எலியாசர்.

"என்ன காரணம் அண்ணாச்சி?"

"காலம் அப்படி. வேறென்ன? நாங்களும் செய்யாதது இல்ல. தரையப் பேத்து வழவழன்னு கல் போட்டோம். ரெண்டு பேர் வழுக்கி விழுந்தாவளே தவிர கூட்டம் கூடல. புது மைக் வச்சோம். வந்தவங்களுக்குக் காது வலிச்சதுதான் மிச்சம். கோபுரத்துல கலர் லைட் போட்டோம். அடுத்தாப்ல ஏசி போட்டுப் பாப்போம்னு கமிட்டில பேசி வச்சிருக்கோம்." வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வெயில் தாழ்ந்துட்டு. வாரியளா, வீடுகள ஒரு சுத்துக் காட்டுதேன்?"

மனாசேக்குப் பஸ்ஸில் வந்த அலுப்பு. பெட்டி இன்னும் பிரிக்கவில்லை.

"இன்னொரு நாள் போவோம் அண்ணாச்சி. பரவாயில்லை," என்றார்.

அந்தச் சொல் வாயைவிட்டு வந்ததும், கோயில் வாசலில் நின்றிருந்த ஓர் ஆள் விரைந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். சுத்தமான சட்டை, படிய வாரிய தலை, வயது சொல்ல முடியாத முகம், பார்த்ததும் பிடித்துப்போகும் சிரிப்பு. சபைக்காரர் என்று மனாசே நினைத்துக்கொண்டார். அந்தக் கை தலையணை மாதிரி மெத்தென்று இருந்தது.

முதல் ஞாயிறு பிரசங்கபீடத்தில் ஏறி நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

கோயில் நிறைந்திருந்தது.

முப்பது பேர் அங்கங்கே தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு இடையிலும் பின்னாலும் தூணோரத்திலும் வேறு ஆட்கள் இருந்தார்கள். சாயம் போன துணி மாதிரி மங்கலான ஆட்கள். சன்னல் வெளிச்சம் அவர்கள் மேல் விழுந்து, அவர்களைத் தாண்டிப் பெஞ்சின் மேலும் விழுந்தது. பாட்டுக்கு எழுந்தார்கள். ஜெபத்துக்குக் குனிந்தார்கள். முடிந்ததும் ஒருவரும் வெளியே போகவில்லை.

"இன்னைக்கு ஆள் ஜாஸ்தி போலிருக்கே?" என்று எலியாசரிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார் மனாசே.

எலியாசர் வருத்தமாகச் சிரித்தார். "கேலி பண்ணாதிய ஐயா. முப்பதுகூட இல்ல."

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் மனாசே தனியாகக் கோயிலுக்குள் போனார். வெளியே காற்று தேரியைக் கிளப்பிவிட்டிருந்தது. சன்னல்களில் வெளிச்சம் செம்மண் நிறத்தில் நின்றது. அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் அவர்கள் எல்லாரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அவருக்குப் பயம் வரவில்லை. கனவில் நமக்கு எதுவும் ஆச்சரியமாக இருக்காதே, அந்த மாதிரி இருந்தது.

முன் பெஞ்சில் ஒருவர் சரிகை அங்கவஸ்திரம் போட்டுக் கால்மேல் கால் போட்டிருந்தார்.

"யார் நீங்க?" என்று கேட்டார் மனாசே.

"என்னைத் தெரியாம ஒரு ஐயரா? நான் கௌரவம். எனக்குப் பின்னால யாரும் உட்காரலாம். பக்கத்துல எலியாசர் அண்ணாச்சி மட்டும்தான்."

"இங்க இருந்தவங்களை விரட்டினது நீங்கதானா?"

கௌரவம் முகம் சுளித்தார். "நான் யாரையும் எழுந்திருன்னு சொன்னது கிடையாது. அதெல்லாம் எனக்குக் குறைச்சல். இடம் காலியா இருந்துச்சு, உட்கார்ந்தேன். சந்தேகமா இருந்தா எனக்கு முந்தி வந்தவ அங்க இருக்கா, கேட்டுக்குங்க."

அவர் காட்டிய பெண் பீடத்தைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மனாசே போய் நின்றும் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தே பேசினாள்.

"என் பேர் மனஸ்தாபம். வீடு மேலத் தெரு, ஜோதிமுத்து ஐயா வீடு. கமிட்டித் தேர்தல்ல எலியாசர் அண்ணாச்சிக்கும் அவங்களுக்கும் பேச்சு முத்திப்போச்சு. அன்னைக்கு அவங்களோட வீட்டுக்குப் போனவதான் நான். பாதி நேரம் அவங்க முற்றத்துல இருப்பேன். மீதி நேரம் இங்க அவங்க இடத்துல வந்து உக்காருவேன். அவங்களை வச்சு அந்தத் தெருவே வரதை விட்டுருச்சு."

"அப்ப நீதான் காரணம்."

"நான் நாலு நாள் இருந்துட்டுப் போற ஆளு ஐயா. யாராவது படியேறி வந்து, சாப்பிட்டீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே கிளம்பியிருப்பேன். ஒருத்தரும் வரலை. தங்கிட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அதுவும் இல்லாம, நான் வரும்போதே இங்க இடம் காலியாகத் தொடங்கியிருந்தது. அந்த அம்மாவைக் கேளுங்க. அவங்க ரொம்ப நாளா இருக்காங்க."

அந்த அம்மா நடுப் பெஞ்சில், கண்ணை இறுக மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். பருத்த உடம்பு, சாந்தமான முகம். அவள் பெயர் வழக்கம்.

"எனக்கு எல்லாம் மனப்பாடம். எப்ப எழும்பணும், எப்ப உக்காரணும், எப்ப ஆமென் சொல்லணும், எல்லாம் கண்ணை மூடிக்கிட்டே செய்வேன்," என்றாள்.

"பக்கத்துல இருந்தவங்க இல்லாமப் போனதைப் பார்க்கலையாம்மா?"

"கண்ணை மூடியிருக்கிறவகிட்ட இதைக் கேட்கலாமா?" என்றவள் சற்று யோசித்தாள். "ஒரே ஒரு தடவை திறந்தேன். பாட்டுல என்னமோ ஒண்ணு குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. மனசு உறுத்துச்சு. அப்ப யாரோ வந்து காதுல ஒரு வார்த்தை சொன்னாங்க. உறுத்தல் போயிருச்சு. மறுபடியும் மூடிக்கிட்டேன்."

"யார் சொன்னது?"

"வாசல்ல நிக்கிறவர்."

மறுநாள் ஞாயிறு மனாசே நேரத்தோடு வாசலுக்குப் போய் நின்றார். அன்று கை குலுக்கிய ஆள் அங்கேதான் இருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் தலையசைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா என்ற பெண்ணின் சிநேகிதி ஒருத்தி படியேறும்போது நின்றாள். "ஸ்டெல்லாவ ரெண்டு மூணு வாரமா காணலியே," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது.

அந்த ஆள் அவள் காதருகே குனிந்தார்.

"பரவாயில்லை, வருவா," என்று அவள் வாய் சொன்னது. சுருக்கம் மறைந்தது. அவள் உள்ளே போனாள். அவள் பின்னாலேயே மங்கலான ஓர் உருவம் நழுவி உள்ளே போய், ஸ்டெல்லாவின் இடத்தில் உட்கார்ந்தது.

ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு மனாசே அந்த ஆளிடம் வந்தார்.

"உன் பேர் என்ன?"

"பரவாயில்லை."

"பேரைக் கேட்டேன்."

"அதான் ஐயா பேரு. பரவாயில்லை."

"இங்க நின்னு என்ன செய்றே?"

"உபகாரம்தான் ஐயா. ஒருத்தரைக் காணலைன்னா, போய்ப் பார்க்கணுமேன்னு மனசுல முள்ளு மாதிரி ஒண்ணு குத்தும் பாருங்க, அதை எடுத்துவிடுவேன். வலிக்காம எடுப்பேன். எல்லாரும் நிம்மதியா உள்ளே போவாங்க."

"அது குத்த வேண்டிய முள்ளா இருந்தா?"

பரவாயில்லையின் சிரிப்பு கொஞ்சம் தேய்ந்தது. "அப்படி இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லை."

"உன்னை இங்க முதல்ல கூப்பிட்டது யாரு?"

"ஒருத்தர்னு சொல்ல முடியாது. பாடகர் வரிசையில லேயாள்னு ஒரு அம்மா நிப்பாங்க. ஒரு ஞாயிறு அவங்க இடம் காலி. எல்லாரும் அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்தாங்க. பார்த்துட்டு, எல்லாரும் ஒரே நேரத்துல மனசுக்குள்ள என் பேரைச் சொன்னாங்க. அன்னைக்குத்தான் நான் பொறந்தேன்." கையைக் கட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க ஐயா. நீங்களும் வந்த அன்னைக்கே என்னைக் கூப்பிட்டீங்க."

மனாசே தன் உள்ளங்கையைப் பார்த்தார். அந்த மெத்தென்ற தொடுகை இன்னும் அங்கே இருந்தது.

லேயாளைத் தேடுவதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. ஊரின் ஒரே மாவு மில் அவளுடையது. கோயிலிலிருந்து கூப்பிடு தூரம். மறுநாள் மனாசே கிளம்பினார். பரவாயில்லையும் கூடவே நடந்தார்.

"வெயில் அதிகமா இருக்கே ஐயா. அவங்களுக்கு இது வேலை நேரம். சொல்லாம கொள்ளாமப் போய் நின்னா நல்லா இருக்குமா? நாளைக்குப் போனா என்ன?"

ஒவ்வொரு வார்த்தையும் நியாயமாக இருந்தது. மனாசேயின் கால் நடுவில் தயங்கி நின்றது. ஆனாலும் போனார்.

மில்லுக்குள் காது அடைக்கிற சத்தம். மிளகாய் நெடி. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, புருவமெல்லாம் மாவாக ஒருத்தி நின்றாள். என்ன அரைக்கணும் என்று கையால் கேட்டாள். மனாசே வெறுங்கையைக் காட்டினார். அவள் அவரையே பார்த்தாள். பிறகு மோட்டாரை நிறுத்தினாள். பட்டை ஓடி ஓடி, களைத்து, நின்றது.

"புது ஐயரா?" காய்ந்த பனையோலை உரசுகிற மாதிரி ஒரு குரல். "ஏன் கோயிலுக்கு வரலைன்னு கேக்க வந்தியளா?"

"இல்லம்மா. உங்களுக்கு என்ன ஆச்சுன்னு கேக்க வந்தேன்."

லேயாள் மூக்குத் துண்டை அவிழ்த்தாள். சுத்தமாக இருந்த மிஷின் வாயை இன்னொரு தரம் துடைத்தாள்.

"தொண்டையில கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில வெட்டி எடுத்தாவ. உசிரு தங்கிட்டு, குரல் போயிட்டு. மூணு மாசம் வீட்டுல கெடந்தேன். கோயில் பாட்டு எங்க வீட்டுக்கு நல்லாக் கேக்கும். நான் பாடுற இடத்தை வேற ஒருத்தி பாடுனத படுத்துக்கிட்டே கேட்டேன். அதுகூட ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் பாடுனா." மூச்சு வாங்கிக்கொண்டாள். "பொறவு எழும்பி ஒரு ஞாயித்துக்கெழம போனேன். பக்கத்துல இருந்தவ கேட்டா, என்ன லேயா, ஊருக்குப் போயிருந்தியான்னு. நான் எங்கயும் போகல ஐயா. நாலு வீடு தள்ளித்தான் கெடந்தேன்."

லேயாள் தெருப்பக்கம் கையைக் காட்டினாள்.

"இந்த ஊர்ல மிளகாய் அரைக்காத வீடு கெடையாது. எல்லாரும் இங்க வாராவ. நைசா அரை, மஞ்சளச் சேத்துப் போடுன்னு சொல்லுதாவ. நான் கையால பேசுதேன். ஏன் கையால பேசுதன்னு ஒருத்தரும் கேக்கல. மில் சத்தத்துக்காகன்னு நெனச்சிட்டாவ."

"பெரிய தப்பு நடந்துபோச்சும்மா," என்றார் மனாசே.

வாசலில் நின்ற பரவாயில்லை ஆவலோடு எட்டிப் பார்த்தார். இந்த மாதிரி நேரத்தில் யாராக இருந்தாலும் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். லேயாளின் உதட்டையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"பரவாயில்லைன்னு சொல்ல வாய் வருது," என்றாள் லேயாள். "சொல்ல மாட்டேன் ஐயா. வலிச்சுது. இப்பவும் வலிக்கு."

பரவாயில்லைக்கு முகம் வெளுத்தது. ஓர் அடி பின்னால் வைத்தார்.

"என்னை வான்னு கூப்பிடாதிய. வரமாட்டேன்," என்றாள்.

"கூப்பிடலைம்மா. நாளைக்கும் வரலாமா?"

"மூக்குக்குத் துண்டு கொண்டு வாங்க. இல்லைன்னா தும்மியே சாவிய."

அதன்பிறகு மனாசே சாயங்காலங்களில் தெருத்தெருவாக நடந்தார். சில வீடுகளில் காப்பி கொடுத்தார்கள். சில வீடுகளில் கதவை முழுதாகத் திறக்காமலே பேசினார்கள். அவர் வாங்க என்று சொல்லவில்லை. எப்படி இருக்கீங்க என்று கேட்டுவிட்டு, பதில் முடிகிறவரை நின்றார். பரவாயில்லை எல்லாத் தெருவுக்கும் கூட வந்தார், ஆனால் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. பெஞ்சில் ஓரிரு மங்கலான உருவங்கள் காணாமல் போயின. மற்றபடி அதே முப்பது பேர்தான்.

எலியாசருக்கு இது பிடிக்கவில்லை. "சபைக் குரு இப்படி அலையுதது நமக்குக் கௌரவமா இல்ல ஐயா," என்றார். சொல்லும்போது மனாசேயை முந்தைய ஐயரின் பெயரால் கூப்பிட்டார். அந்த ஞாயிறு ஒரே அறிவிப்பை இரண்டு தடவை வாசித்தார். வயசாயிட்டு, பரவாயில்லை என்று எல்லாரும் சிரித்துக்கொண்டார்கள்.

மழை ஓய்ந்து தேரி ஈரமாகக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மணி அடித்தாயிற்று. முதல் பாட்டும் முடிந்தது. முன் பெஞ்சில் கௌரவத்துக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. எலியாசர் வரவில்லை.

கோயிலில் ஒரு சலசலப்பு ஓடியது. அவர் வராத ஞாயிறு யாருக்கும் ஞாபகம் இல்லை. அவர் மனைவி, மகளின் பிரசவத்துக்காகப் பட்டணம் போயிருக்கிறாள் என்று ஒருவர் சொன்னார். அவரும் போயிருப்பார் என்று இன்னொருவர் சொன்னார்.

"பரவாயில்லை, நீங்க ஆரம்பிங்க ஐயா," என்றார் சபைப் பொருளாளர்.

முப்பது பேர் தலையும் அதை ஆமோதித்து அசைந்தது. வாசலில் துவண்டு நின்ற பரவாயில்லைக்கு ரத்தம் ஊறியது. நடுப்பாதையில் துள்ளிக்கொண்டு வந்தார். மனாசேயின் நாக்கிலும் அந்தச் சொல் வந்து நின்றது. மிட்டாய் மாதிரி தித்தித்தது. அவர் அதைக் கரையவிடாமல் வாயை மூடிக்கொண்டார். கையிலிருந்த புத்தகத்தையும் மூடினார்.

"எலியாசர் அண்ணாச்சி வரலை. ஏன்னு நமக்குத் தெரியலை. போய்ப் பார்த்துட்டு வந்து மிச்சத்தைப் பாடுவோம்."

வழக்கம் அதிர்ந்து கண்ணைத் திறந்தாள்.

"ஆராதனைக்கு நடுவுலயா?" என்றார் பொருளாளர்.

"ஆமா. நடுவுலதான்."

அங்கியோடு இறங்கி நடந்தார். பின்னால் ஒரு காலடியும் கேட்கவில்லை. வாசலில் பரவாயில்லை இரண்டு கையையும் விரித்து மறித்தார். "ஐயா, யாருமே எழும்பலை. நீங்க மட்டும் போனா என்ன நினைப்பாங்க?"

"வழி விடுப்பா," என்றார் மனாசே. திரைச்சீலையைத் தள்ளுகிற மாதிரி அவர் ஊடே நடந்து வெளியே போனார்.

உள்ளே ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. ஸ்டெல்லாவின் சிநேகிதி எழுந்து வந்தாள். பிறகு இன்னொருவர். பிறகு பொருளாளரும் செருப்பைத் தேடினார்.

ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு அவர்கள் சிவப்பு மணலில் நடந்து போனது பார்க்கவே விசித்திரமாக இருந்தது. முன்னால் வெள்ளை அங்கி காற்றில் அசைய, ஒரு பாட்டு காலால் நடந்துபோகிற மாதிரி இருந்தது.

மில் ஓடிக்கொண்டிருந்தது. லேயாள் வாசலுக்கு வந்து, எங்கே என்று கையால் கேட்டாள்.

"எலியாசர் அண்ணாச்சியக் காணல. பாக்கப் போறோம்," என்றாள் ஸ்டெல்லாவின் சிநேகிதி.

எல்லாருமா என்று லேயாளின் கை கேட்டது.

"எல்லாருந்தான்."

அவர்கள் கடந்து போனார்கள். சற்று தூரம் போனதும் பின்னால் மில் சத்தம் நின்றது. மனாசே திரும்பிப் பார்க்கவில்லை.

எலியாசர் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. முன் அறையில் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளை ஜிப்பா, பொத்தான்கள் ஒன்று மாற்றி ஒன்று போட்டபடி. ஒரு காலில் மட்டும் செருப்பு. கூட்டத்தைப் பார்த்ததும் எழப் பார்த்தார். முடியவில்லை.

"நேரத்தோட கெளம்பிட்டேன் ஐயா. தெருமுக்கு வரைக்கும் வந்தேன். எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரியல. வருஷக்கணக்கா நடந்த வழி. யார்கிட்டயாவது கேட்டா சிரிப்பாவளேன்னு திரும்பி வந்துட்டேன்." குனிந்து தன் காலைப் பார்த்தார். "கொஞ்ச நாளாவே இப்படித்தான் இருக்கு. ஒருத்தருக்கும் தெரியாமப் பாத்துக்கிட்டேன்."

சுவரோரமாகக் கௌரவம் நின்றுகொண்டிருப்பதை மனாசே பார்த்தார். எப்போது கூட வந்தாரோ. அங்கவஸ்திரத்தை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் புறவாசல் வழியாக வெளியே போனார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு லேயாள் வந்தாள். கை முழுக்க மாவு. தரையில் உட்கார்ந்து எலியாசரின் பொத்தான்களைக் கழற்றி, ஒழுங்காகப் போட்டுவிட்டாள்.

"யாரும்மா?"

"லேயா, அண்ணாச்சி. மில்லுக்காரி."

எலியாசர் அவள் முகத்தையே பார்த்தார். ஆச்சரியத்தோடு கேட்டார்: "உன் குரலுக்கு என்னம்மா ஆச்சு?"

அறையில் இருந்த அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். லேயாள் சொன்னாள். அந்த உலர்ந்த குரலில், நிறுத்தி நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும்வரை ஒருவரும் அசையவில்லை. முடிந்த பிறகு ஒருவரும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. ஸ்டெல்லாவின் சிநேகிதி மட்டும் வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மிச்சப் பாட்டை அந்த வீட்டிலேயே பாடினார்கள். லேயாள் உதட்டை மட்டும் அசைத்தாள்.

அன்று சாயங்காலம் பரவாயில்லை பஸ் நிறுத்தத்தில் ஒரு பையோடு நின்றிருந்தார்.

"எங்க போறே?" என்று கேட்டார் மனாசே.

"கூப்பிடுற இடத்துக்கு ஐயா. எனக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை." சிரித்தபடியே பஸ் ஏறினார்.

கூட்டம் ஒரேயடியாகப் பெருகிவிடவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் எலியாசரை யாராவது கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டியிருந்தது. பெரும்பாலும் லேயாள். அவளோ அவர் மனைவியோ கொஞ்சம் அசந்தால், அவர் தானாகவே கிளம்பிவிடுவார். வழி தெரியாமல் கண்ட வீட்டுப் படியும் ஏறுவார். கோயிலை விட்டு விலகிப்போன வீடுகள் அவை. அவர்கள் வெளியே வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விடுவார்கள். சிலர் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். சிலர் வந்ததுதான் வந்தோம் என்று கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்த மங்கலான உருவங்கள் எழுந்து இடம் கொடுத்தன.

வருஷ முடிவில் பேராயர் வந்தார். ஒரு ஞாயிறு முழுக்க இருந்து பார்த்தார். "பூட்ட வேண்டாம்," என்றார்.

மேலத் தெரு மட்டும் அசையவில்லை.

ஒரு ஞாயிறு காலை எலியாசரை மறுபடியும் காணவில்லை. மனாசே தேடிக்கொண்டு மேலத் தெருவுக்கு வந்தபோது, ஜோதிமுத்துவின் வீட்டு முற்றத்தில் அவர் நிற்பது தெரிந்தது. மனாசே மதிலோரமாக நின்றுவிட்டார்.

முற்றத்து நாற்காலியில் மனஸ்தாபம் உட்கார்ந்திருந்தாள். அவள் இருப்பது எலியாசருக்குத் தெரியவில்லை. நேராக வந்து அந்த நாற்காலியிலேயே உட்காரப் போனார். அவள் பதறி எழுந்து தள்ளி நின்றாள். எலியாசர் உட்கார்ந்து, கையைக் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டார்.

உள்ளேயிருந்து ஜோதிமுத்து வந்தார். தலை நரைத்த, முரட்டு உடம்புக்காரர். முற்றத்தில் யார் என்று பார்த்ததும் முகம் இறுகியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிற மனிதரை எப்படி எழுப்புவது என்று நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

எலியாசர் கண்ணைத் திறந்தார். எதிரே நிற்பவரை ஒரு பகையும் இல்லாமல் பார்த்தார்.

"பாட்டு இன்னும் ஆரம்பிக்கலையே. ஐயர் வரலியா?"

ஜோதிமுத்து கிட்டே வந்தார். "இது கோயில் இல்ல அண்ணாச்சி," என்றார் கடைசியில். "கோயில் இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கு."

"அப்படியா?" எலியாசர் கவலையோடு தெருவைப் பார்த்தார். "எனக்கு வழி தெரியாதே."

ஜோதிமுத்து அவர் கையைப் பிடித்து எழுப்பினார்.

"எனக்குத் தெரியும்," என்றார்.